நோஞ்சான் குஞ்சைத் தூக்கி எறியாதீர்கள்!

கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. கூடையைத் திறந்து பார்க்கிறார்கள். பத்துக் குஞ்சுகள். ஒன்பது குஞ்சுகள் குடுகுடு என்று ஓடுகின்றன. ஒன்று மட்டும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, ஒரு மூலையில் நிற்கிறது.

"இது தேறாது. தூக்கிக் குப்பையிலே போடு" என்கிறார் மாமியார்.

"உயிரோடு இருக்கிறதே, அத்தை!" என்கிறார் மருமகள்.

"இருந்தால் என்ன? சாயங்காலம் போய்விடும். காக்கையாவது தின்னட்டும்."

பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது. இதில் யார் சொல்வது சரி?

மருமகள் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. மாமியார்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். காரணத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்!

பெண்கள் பணம்

வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். காலையில் கூடையைத் திறப்பதும், மாலையில் எண்ணிப் பார்த்து அடைப்பதும் அவர்கள்தான்.

அதில் வரும் காசும் அவர்கள் கைக்கே வருகிறது. நெல் விற்ற பணம் கணவன் கைக்குப் போகும். கோழி விற்ற பணம் அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். பையனுக்கு நோட்டுப் புத்தகம், மகளுக்கு வளையல், திடீரென்று வரும் விருந்தாளிக்கு ஒரு குழம்பு, எல்லாம் அந்தச் சிறுவாட்டுப் பணத்தில் நடக்கிறது. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

பத்துக் குஞ்சில் நான்குதான் பெரிதாகின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு எங்கே போயின? பருந்து ஒன்றைத் தூக்கியிருக்கும். கீரி ஒன்றைப் பிடித்திருக்கும். மற்றவை முதல் வாரத்திலேயே "சோர்ந்து சோர்ந்து" செத்திருக்கும்.

பருந்தோடு நாம் சண்டை போட முடியாது. கீரியைக் காவல் காக்கவும் முடியாது. ஆனால், முதல் வாரச் சாவை நம்மால் தடுக்க முடியும். பணச் செலவு அதிகம் இல்லை. கவனம்தான் வேண்டும்.

ஆகவே, நோஞ்சான் குஞ்சைத் தூக்கி எறிகிறவர் இரக்கம் இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குத் தெரியாதவர் என்றுதான் சொல்கிறேன்.

காலைத் தொட்டுப் பாருங்கள்

சோர்ந்து நிற்கும் குஞ்சைக் கையில் எடுங்கள். அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? அப்படியானால் அதற்கு வந்திருப்பது பெரும்பாலும் நோய் அல்ல. குளிர்!

பெரிய கோழிக்கு இறகு உண்டு. அது தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். குஞ்சுக்கு இருப்பது வெறும் பஞ்சு மயிர். முதல் இரண்டு வாரம் அதனால் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. தாய்க்கோழியின் இறக்கைக்குள் புகுந்துதான் சூடு வாங்குகிறது. ஓடி ஓடிப் பொறுக்கும்; குளிர் எடுத்தால் தாயிடம் வரும்; சூடேறியதும் மறுபடி ஓடும்.

நோஞ்சான் குஞ்சால் தாயின் பின்னால் ஓட முடியாது. ஆகவே, சூடு கிடைக்காது. சூடு இல்லாவிட்டால் தீனி எடுக்காது. தீனி எடுக்காவிட்டால் இன்னும் சோர்ந்துபோகும். ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறது.

முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு இருக்க வேண்டும். அதாவது, 35 டிகிரி செல்சியஸ். வாரம் ஒன்றுக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். நாலைந்து வாரத்தில் இறகு முளைத்துவிடும். பிறகு கவலை இல்லை.

"எங்கள் வீட்டில் சூடு பார்க்கும் கருவி இல்லையே!" என்பீர்கள். வேண்டாம். குஞ்சே சொல்லிவிடும். எல்லாக் குஞ்சுகளும் விளக்குக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று கத்தினால், சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால், எங்கிருந்தோ குளிர்காற்று வருகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால், சரியாக இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் பகலில் விளக்கே தேவைப்படாது. அப்போது நிழல்தான் தேவை. தகரக் கூரைக்கு அடியில் கூடையை வைத்துக் குஞ்சுகளை வேக வைக்கிறவர்களும் உண்டு. மார்கழி, தை மாத இரவுகள்தான் குளிரால் கெடுக்கின்றன.

வெளிச்சம் உண்டு, சூடு இல்லை!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

முன்பு வீடுகளில் குண்டு பல்பு இருந்தது. அட்டைப் பெட்டியில் உமியைப் பரப்பி, மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். குஞ்சுகள் கதகதப்பாகத் தூங்கும். அந்தப் பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். வெளிச்சம் கொஞ்சம்தான்.

இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி. பல்பு. மின்சாரம் மிச்சம், நல்லதுதான். ஆனால், அதில் சூடு மிகக் குறைவு. இது தெரியாமல், பெட்டிக்குள் எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டு, "விளக்குப் போட்டேனே, பிறகு ஏன் செத்தது?" என்று கேட்கிறார்கள். பளபளவென்ற வெளிச்சத்தில் குஞ்சு குளிரில் விறைத்துச் செத்திருக்கிறது!

குண்டு பல்பு கிடைத்தால் வாங்கி வையுங்கள். கிடைக்கவில்லையா? ஒரு பாட்டிலில் வெந்நீரை ஊற்றி, நன்றாக மூடி, பழைய துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். குஞ்சு அதில் சாய்ந்துகொள்ளும். ஆறியதும் வெந்நீரை மாற்ற வேண்டும். இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் விளக்கைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. புகை ஒரு பக்கம். தீப்பிடிக்கும் ஆபத்து இன்னொரு பக்கம்.

மூன்றாம் நாள் மர்மம்

"இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் செத்துவிட்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள்!"

இப்படிச் சொல்லாத வீடு இல்லை. கண்ணும் இல்லை, காற்றும் இல்லை. காரணம் வேறு.

முட்டைக்குள் மஞ்சள் கரு இருக்கிறது அல்லவா? குஞ்சு ஓட்டை விட்டு வெளியே வருவதற்குச் சற்று முன்பு, மிச்சம் இருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அதற்குக் கட்டுச்சோறு! அந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 72 மணி நேரம், அதாவது மூன்று நாள், ஒன்றும் தின்னாமலேயே அது உயிர் வாழும்.

இந்த உண்மையை நம்பித்தான் அமெரிக்காவில் 1918-ம் ஆண்டு முதல் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்புகிறார்கள். ஆம், தபாலில்! துளை போட்ட அட்டைப் பெட்டியில் அடைத்து, முகவரி எழுதி, ரெயிலில் ஏற்றிவிடுவார்கள். குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே ஊர் போய்ச் சேரும்.

மூன்று நாளுக்குள் குஞ்சு தானே கொத்தித் தின்னவும் தண்ணீர் குடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டால் பிழைக்கும். கற்றுக்கொள்ளாத குஞ்சு, கட்டுச்சோறு தீர்ந்ததும் சுருண்டு விழுகிறது. முதல் இரண்டு நாள் அது நன்றாக இருந்ததாக நாம் நினைத்தோம். உண்மையில் அது பட்டினி கிடந்திருக்கிறது. நாம் பார்க்கவில்லை.

குஞ்சின் கழுத்துக்குக் கீழே இரைப்பை இருக்கிறது. மாலையில் அதை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். நிறைந்திருந்தால் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் தின்னவில்லை. முதல் நாளே தடவிப் பார்த்தால் மூன்றாம் நாள் அழ வேண்டியதில்லை.

முதலில் தண்ணீர்

சோர்ந்த குஞ்சுக்கு முதலில் சூடு. உடம்பு சூடேறிய பிறகு தண்ணீர். அதன் பிறகுதான் தீனி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. உடம்பு விறைத்திருக்கும் குஞ்சின் வாயில் தீனியைத் திணித்தால் அது செரிக்காது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிறு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளுங்கள். குஞ்சின் அலகு நுனியை அதில் மெல்லத் தொட்டு எடுங்கள். அது தலையைத் தூக்கி விழுங்கும். அவ்வளவுதான், பாடம் படித்துவிட்டது! பிறகு தானே குடிக்கும். இந்தச் சர்க்கரைத் தண்ணீர் முதல் நாளுக்கு மட்டும்தான். மறுநாள் முதல் சாதாரணத் தண்ணீர்.

சிலர் குஞ்சின் வாயைப் பிளந்து, தண்ணீரைச் சங்கில் எடுத்து ஊற்றுகிறார்கள். வேண்டாம்! குஞ்சின் நாக்குக்கு அடுத்தாற்போல் மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் அதற்குள் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும். தானே குடிக்காத குஞ்சுக்கு, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அதை விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு.

தண்ணீர் வைக்கும் தட்டு ஆழமாக இருக்கக் கூடாது. தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். நோஞ்சான் குஞ்சு தண்ணீரில் தலை கவிழ்ந்து விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. விரல் அகலத் தண்ணீரில் மூழ்கிச் சாகிற குஞ்சுகளும் உண்டு.

நோபல் பரிசு வாங்கித் தந்த கோழிகள்

தீனி என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பிடி நொய்யரிசியை இறைக்கிறோம். அல்லது மிஞ்சிய சோற்றைப் போடுகிறோம். குஞ்சும் தின்கிறது. வயிறு நிறைகிறது. ஆனால், அது வளர்வதில்லை. ஏன்?

ஜாவாத் தீவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். நிஜமாக நடந்த கதை.

1880-களின் கடைசி. ஜாவா அப்போது டச்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. அங்கே பத்தேவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டாக்டர் வேலை பார்த்தார். சிப்பாய்களும் கைதிகளும் "பெரிபெரி" என்ற நோயால் கை கால் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். நோய்க் கிருமியைக் கண்டுபிடிக்க எய்க்மன் கோழிகளை வளர்த்தார்.

ஒருநாள் கோழிகளும் காலை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தன. நிற்க முடியவில்லை. கழுத்துத் துவண்டது. கிருமி வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். ஆனால், சில மாதத்துக்குள் கோழிகள் திடீரென்று குணமாகிவிட்டன! ஒன்றும் புரியவில்லை.

விசாரித்துப் பார்த்தார். கோழிகளைக் கவனித்த ஆள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைவெளேரென்ற தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார். பிறகு புதிதாக வந்த சமையல்காரர், "சிப்பாய்ச் சோறு கோழிக்குக் கிடையாது!" என்று சொல்லிவிட்டார். அதனால் தீட்டாத மட்டரிசி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கோழிகள் பிழைத்துக்கொண்டன!

தவிட்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் நரம்பு கெடுகிறது என்பது இதிலிருந்துதான் தெரிய வந்தது. அந்தச் சத்துக்கு இன்று "வைட்டமின் பி-1" என்று பெயர். 1929-ம் ஆண்டு எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு டாக்டருக்கு, பாடம் நமக்கு. அந்தச் சமையல்காரரின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை!

நம் ஊர்ப் புழுங்கல் அரிசியில் இந்தக் குறை சற்றுக் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆனாலும், வெறும் அரிசி குஞ்சுக்குப் போதாது. வளரும் குஞ்சின் தீனியில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும். அரிசியில் இருப்பது 7 பங்கு அளவுதான். கம்பில் கொஞ்சம் கூடுதல்.

தாய்க்கோழி குப்பையைக் கிளறுவது எதற்காக? புழு பூச்சிக்காக. புரதம் அதில்தான் இருக்கிறது. கூடையில் அடைத்து வைத்த நோஞ்சானுக்குப் புழு ஏது? நாம்தான் தர வேண்டும்.

வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடியாக உதிர்த்துக் கொடுங்கள். "கோழிக்கே முட்டையா!" என்று முகம் சுளிக்காதீர்கள். முட்டைக்குள் இருந்தபோது அது தின்றதே அதைத்தான். ஒரு வேளைக்குப் பட்டாணி அளவு போதும். மீதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசிப்போகும். கடையில் குஞ்சுத் தீவனம் கிடைத்தால், அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைக்கலாம்.

எல்லாவற்றையும்விட மலிவானது கரையான். நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வித்தை இது. பழைய பானை ஒன்றில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலை இவற்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான்! குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்னும். ஊசிபோல் சிறிய அலகு, உமிபோல் சிறிய கரையான், பொருத்தமான ஜோடி! சோர்ந்த குஞ்சுகூட நெளிகிற கரையானைக் கண்டால் கொத்தத் தொடங்கும்.

பலசாலி முந்திக்கொள்வான்

நன்றாகத் தீனி போட்டும் ஒரு குஞ்சு மட்டும் மெலிந்துகொண்டே போகிறதா? கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். தீனித் தட்டில் மற்றவை அதைக் கொத்தி விரட்டும்.

நார்வே நாட்டில் ஒரு பையன் இருந்தான். அவனுக்குக் கோழிகளை வேடிக்கை பார்ப்பதே வேலை. எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது எதற்குப் பயப்படுகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தான். பெரியவன் ஆனதும் அதையே ஆராய்ச்சியாக்கி, 1921-ல் டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை எழுதினான். ஷெல்டரப்-எப் என்பது பெயர். கோழிக் கூட்டத்தில் முதலாவது யார், கடைசி யார் என்று ஒரு வரிசை உண்டு; மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும்; கடைசிக் கோழியை எல்லாம் கொத்தும் என்று அவர் கண்டு சொன்னார்.

நோஞ்சான் குஞ்சுதான் அந்தக் கடைசி ஆள். ஆகவே, அதைப் பிரித்து வைக்க வேண்டும். ஆனால், தனியாக வைக்கக் கூடாது! தனிமைப்பட்ட குஞ்சு கத்திக் கத்தியே ஓய்ந்துபோகும். தீனியைத் தொடாது. சாதுவான குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடுங்கள். துணை தின்பதைப் பார்த்து இதுவும் தின்னும்.

அடைத்துக்கொண்டதா?

சில குஞ்சுகளுக்கு எச்சம் பின்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து, வழியையே அடைத்துவிடும். எச்சம் போக முடியாமல் வயிறு உப்பி, இரண்டு நாளில் செத்துவிடும். பார்த்தால் நோய்போல் தோன்றும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்தால் போதும். பிய்த்து இழுக்கக் கூடாது, தோல் கிழிந்துவிடும். துடைத்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துச் சூட்டில் வைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை!

இன்னொன்று, கால் விரிந்துபோவது. குஞ்சு இரண்டு காலையும் இரண்டு பக்கம் நீட்டிப் படுத்துவிடும். காரணம் என்ன? வழுவழுப்பான தரை. பெட்டியில் பழைய பத்திரிகையை விரித்து அதன்மேல் குஞ்சை விடுகிறோம். பத்திரிகை படிப்பதற்கு நல்லது. பத்திரிகைக்காரன் நானே சொல்கிறேன், முதல் வாரக் குஞ்சு நடப்பதற்கு அது நல்லது அல்ல! கால் வழுக்கி வழுக்கி விரிந்துவிடும். உமி, மரத்தூள், சாக்கு எதையாவது பரப்புங்கள். விரிந்த காலுக்கு, இரண்டு காலையும் சரியான இடைவெளியில் வைத்து, மெல்லிய ஒட்டுப்பட்டையால் விலங்கு மாட்டுவதுபோல் தளர்வாக ஒட்டிவிடுங்கள். ஓரிரு நாளில் செய்தால் பல குஞ்சுகள் எழுந்து நடக்கும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் பயன் இராது.

கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, முட்டியால் நடந்தால் அது வேறு. தீனியில் வைட்டமின் பி-2 குறைந்திருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டால் சத்து மருந்து தருவார்கள்.

மாத்திரையை நொறுக்காதீர்கள்

குஞ்சு சோர்ந்தால் சிலர் மருந்துக்கடைக்கு ஓடி, மனிதர்கள் சாப்பிடும் கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கி, நொறுக்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். இதை நான் கண்டிக்கிறேன்.

குளிரில் சோர்ந்த குஞ்சுக்கு மாத்திரை என்ன செய்யும்? பட்டினி கிடக்கும் குஞ்சுக்கு மாத்திரை சோறு போடுமா? அளவு தெரியாமல் கொடுத்த மருந்துக்குக் கிருமிகள் பழகிவிடுகின்றன. பிறகு அதே மருந்து நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்போது வேலை செய்யாது. "கோலிஸ்டின்" என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ம் ஆண்டு ஜூலையில் தடை போட்டது இதனால்தான். உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதைக் கோழித் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள்!

ஒரே நேரத்தில் பல சோர்ந்தால்...

இதுவரை சொன்னது ஒரு குஞ்சு, இரண்டு குஞ்சு சோர்ந்தால். ஒரே நேரத்தில் பல குஞ்சுகளும் கோழிகளும் தலை தொங்கி, பச்சையாகவும் வெள்ளையாகவும் கழிந்தால் அது சங்கதி வேறு. வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். அப்போது பல்பும் உதவாது, மஞ்சள் கருவும் உதவாது. உடனே கால்நடை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த நோய் 1926-ல் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இமயமலைப் பக்கத்தில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் தெரிய வந்ததால், ராணிக்கேத் நோய் என்ற பெயரும் உண்டு. வந்த பிறகு இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால், தடுப்பு மருந்துக்கு அவை ஈடாகா.

இங்கே நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கோழிகள் சோர ஆரம்பித்ததும், "செத்துப்போவதற்குள் விற்றுவிடுவோம்" என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நூறு ரூபாய் கிடைத்தாலும் லாபம் என்று நினைக்கிறார்கள். வாங்கியவர் என்ன ஆவார்? அந்தக் கோழி அவர் வீட்டுக் கோழிகளைக் கெடுக்கும். அவர் தெருவைக் கெடுக்கும். அந்தத் தெருவிலும் சிறுவாட்டுப் பணத்தை நம்பி ஒரு பெண் இருப்பாள். சந்தையில் நோயை விற்பது, பால் என்று சொல்லிச் சுண்ணாம்புத் தண்ணீரை விற்பதைவிட மோசம். செத்த கோழியைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசாதீர்கள்.

சாயக் குஞ்சு வாங்காதீர்கள்

பச்சை, சிவப்பு, ஊதா நிறத்தில் சாயம் பூசிய குஞ்சுகளைத் திருவிழாவிலும் பள்ளிக்கூட வாசலிலும் விற்கிறார்கள். குழந்தை அழுகிறது. வாங்கிக் கொடுக்கிறோம். இரண்டு நாளில் குஞ்சு செத்துவிடுகிறது. குழந்தை மறுபடி அழுகிறது.

இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் முட்டைக்கோழி பொரிப்பகங்களில் ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். சேவல் முட்டையிடாது. அந்த ஜாதிச் சேவல் கறிக்கும் சீக்கிரம் வளராது. ஆகவே, பொரித்த அன்றே கழித்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்துவந்தது. ஜெர்மனியில் 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் முறை அங்கே வந்திருக்கிறது.

இங்கே சாயத்தில் முக்கி, வெயிலில் கூடையில் வைத்து, தண்ணீர்கூடக் காட்டாமல் விற்கிறார்கள். நம் கைக்கு வரும்போது அதன் மூன்று நாள் கட்டுச்சோறு தீரப்போகிறது. குழந்தை கையில் இறுக்கிப் பிடிக்கும். ராத்திரி செருப்புப் பெட்டியில் குளிரில் கிடக்கும். பிறகு எப்படிப் பிழைக்கும்? பொம்மை வேண்டுமானால் பொம்மை வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் மேலே சொன்ன சூடு, தண்ணீர், தீனி மூன்றையும் இன்றைக்கே தொடங்குங்கள். குஞ்சைத் தொட்ட பிறகு குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். குஞ்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த தாய்மார்கள் முகத்தையும் கழுவிக்கொள்ள வேண்டும். எச்சத்தில் உள்ள கிருமி வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.

எப்போது கைவிடலாம்?

எல்லாக் குஞ்சையும் காப்பாற்றிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. தொப்புள் மூடாமல், வயிறு ஊதி, நாற்றம் அடிக்கும் குஞ்சு பிழைப்பது அரிது. மேல் அலகும் கீழ் அலகும் கத்தரிக்கோல்போல் குறுக்கே போன குஞ்சும் பெரிதாவது கஷ்டம். இரண்டு நாள் சூடு கொடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டும் தலை நிமிராத குஞ்சை மேலும் வதைக்க வேண்டாம். பிழைத்த நோஞ்சான் சேவலானால், அதை இனத்துக்கு விடாமல் விற்றுவிடுவதே நல்லது.

நோஞ்சான் பிறக்காமலே பார்த்துக்கொள்வதும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய முட்டையையும், புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழியின் சின்ன முட்டையையும் அடைக்கு வைக்காதீர்கள். எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வையுங்கள். இன்றைக்கு ஐந்து, நாளன்றைக்கு ஐந்து என்று வைத்தால், முந்திப் பொரித்த குஞ்சுகளோடு தாய் எழுந்து போய்விடும். பிந்தியது நடுங்கிச் சாகும். குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பித்ததும் நாம் உடைத்து உதவ வேண்டாம். வெளியே வர அதற்கு ஒரு பகலோ, ஒரு முழு நாளோகூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் கட்டுச்சோற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உடைத்தால் ரத்தம் கசியும்.

நோஞ்சானும் மற்ற குஞ்சுகளும் ஒரு வாரம் தாண்டிவிட்டனவா? ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுக் கழிச்சல் தடுப்பு மருந்து விட வேண்டும். ஏறக்குறைய எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மருந்து பெரும்பாலும் பல கோழிகளுக்குப் போதுமான பாட்டிலாகத்தான் வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே, தெருவில் பத்து வீட்டுப் பெண்கள் பேசி, ஒரே நாளில் எல்லாக் குஞ்சுகளையும் கூடையில் கொண்டுபோவது நல்லது. விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் மருந்தும் கெடும், குஞ்சுகளும் வாடும்.